ரயிலும் பேருந்தும் சந்திக்கும் இடத்துக்கு யார் பொறுப்பு? தமிழ்நாட்டுப் போக்குவரத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமைச் செயலாளர், தமிழ்நாடு அரசு, போக்குவரத்துத் துறை, நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளர்கள், தெற்கு ரயில்வே, தென்மேற்கு ரயில்வே பொது மேலாளர்கள், மாநகராட்சி, நகராட்சி ஆணையர்கள்.

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். தமிழ்நாட்டில் வண்டிகளுக்குக் குறைவில்லை. எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் சுமார் 20,000 பேருந்துகள் இருக்கின்றன. அவற்றோடு தனியார் பேருந்தும் மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஓடுகின்றன. மதுரையிலிருந்து திருநெல்வேலி வழியாக நாகர்கோவில் வரை ரயில் பாதை 2024-இல் இரட்டையாகிவிட்டது. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டருக்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித் துறை, தனி நிதி, தனிப் பொறியாளர்கள் உண்டு. ஆனால் ரயிலைவிட்டு இறங்கியவர் பேருந்தில் ஏறி உட்காரும் வரை கழிகிற அந்த நேரம் எந்தத் துறையின் கணக்கிலும் இல்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரு போக்குவரத்துத் திட்டம் வகுக்கும்போது அந்த நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம். புதிய பாதை எதையும் நாங்கள் கேட்கவில்லை. இருப்பவை ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

முதலில் பேருந்து நிலையம் எங்கே அமைகிறது என்று பாருங்கள். சிக்கலில் பாதி அங்கேதான் பிறக்கிறது. திருச்சியில் மத்தியப் பேருந்து நிலையமும் ரயில் சந்திப்பும் நடந்தே போகும் தொலைவில் இருந்தன. மாநிலத்திலேயே நல்ல சந்திப்புகளில் அது ஒன்று. 2025 ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் மதுரைச் சாலையில் பஞ்சப்பூரிலிருந்து புறப்படுகின்றன. பேருந்துகளுக்கு அங்கே தாராளமான இடம் கிடைத்திருக்கிறது. ரயிலில் வந்து புதுக்கோட்டைக்குப் போகிறவருக்கு இப்போது நடுவில் இன்னொரு டவுன் பஸ் தேவைப்படலாம். மதுரையில் சந்திப்பின் அருகில் பெரியார் நிலையம் இருக்கிறது. வெளியூர்ப் பேருந்துகளோ மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் நிற்கின்றன. கோவையில் காந்திபுரம், சிங்காநல்லூர், உக்கடம், மேட்டுப்பாளையம் சாலை என்று நாலு திக்கில் நிலையங்கள். ரயில் சந்திப்பின் வாசலில் ஒன்றும் இல்லை. வேலூருக்கு ரயிலில் வருகிறவர் இறங்குவது காட்பாடியில். பேருந்து நிலையம் பாலாற்றுக்கு அக்கரையில்.

சென்னை கிளாம்பாக்கம் இதற்கெல்லாம் பெரிய பாடம். 2023 டிசம்பர் 30 அன்று நிலையம் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபக்கத்தில் தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் திறப்பு நாளில் அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை, சாலையைக் கடக்க நடைமேம்பாலமும் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையில் ஒரு நிறுத்தம், அதற்கு ஒரு பாலம் என்ற பணிகள் தனித்தனி ஒப்புதலாக, தனித்தனி நில எடுப்பாகப் பின்னால் வந்தன. தொலைவு சில நூறு மீட்டர்தான். அந்தச் சில நூறு மீட்டரை முதல் வரைபடத்திலேயே சேர்த்திருந்தால் அதுவும் நிலையத்தோடு சேர்ந்தே வளர்ந்திருக்கும். வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயிலும் இதே கதைதான். 2008-இல் தொடங்கிய 5 கிலோமீட்டர் பணி, கடைசி 500 மீட்டர் நிலத்துக்காகப் பல ஆண்டுகள் நின்றது. முக்கால்வாசிப் பாலம் தயாராக நின்றும் சந்திப்பு மட்டும் கிடைக்கவில்லை.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், செலவு ரூ.30 கோடிக்கும் குறைவு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் புகுந்து வெளிவர வேண்டிய தேவை போய்விட்டது. ஒரு கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஆகும் செலவின் ஒரு துண்டில் இரண்டு பெரிய நிலையங்கள் ஒன்றாயின. இப்படி ஒரு பணி மாநிலத்தில் எத்தனை ஊர்களுக்குத் தேவை என்று யாரும் பட்டியல் போட்டதில்லை.

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் இடப் பற்றாக்குறைதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய நிலையங்களில் பேருந்து தலைநுழைத்து நிற்கிறது. புறப்படும்போது கண்டக்டர் விசிலடிக்கப் பின்னால் எடுக்கிறார்கள். ஒரு வண்டி பத்து நிமிடம் நிற்கிறது, நுழையவும் விலகவும் இரண்டு நிமிடம் என்றால், ஒரு பேயில் (bay, ஒரு பேருந்து நிற்கும் தடுப்பிடம்) மணிக்கு ஐந்து வண்டிதான் கொள்ளும். நடைமுறையில் நான்கு. அதற்கு மேல் திணித்தால் வாசலில் வரிசை நிற்கும், வரிசை சாலைக்கு வரும், பிறகு 'நெரிசல்' என்று சொல்லி நிலையத்தையே இடம் மாற்றுவார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஆள் ஏறி இறங்குவதற்கு ஆகும் நேரம் இரண்டோ மூன்றோ நிமிடம்தான். மீதி நேரம் ஓட்டுநரும் நடத்துநரும் ஓய்வெடுக்கவும், டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கவும், அடுத்த நடைக்குக் காத்திருக்கவும் போகிறது. இவை எல்லாம் தேவையானவையே. ரயில் நிலையத்தின் வாசலில் நடக்க வேண்டும் என்ற அவசியம்தான் இல்லை.

ஏறி இறங்கும் இடத்தையும் வண்டி காத்து நிற்கும் இடத்தையும் பிரித்துவிட்டால் கணக்கு மாறுகிறது. பேருந்து முன்னோக்கியே நுழைந்து முன்னோக்கியே வெளியேறும்படி ரம்பப் பல் வடிவில் பே அமைத்து, நுழைவதிலிருந்து விலகுவது வரை நான்கு நிமிடம் என்று வைத்தால், மணிக்கு 15 வண்டி. மூன்றில் இரண்டு பங்கு பயன்பாடு என்று பார்த்தாலும் 10 வண்டி. ஆறு பேயில் மணிக்கு 60 பேருந்துகளைக் கையாளலாம். இவற்றோடு, ரயிலுக்காக நின்று ஆளேற்றும் கிராமத் தடங்களுக்கு இன்னும் ஆறு பே சேர்த்தாலும் மொத்தம் பன்னிரண்டு. ஒரு 12 மீட்டர் பேருந்துக்குப் பே ஒன்றுக்குச் சுமார் 20 மீட்டர் நீளம், திரும்புவதற்கு ஏறத்தாழ 12 மீட்டர் வெளிவட்ட ஆரம் என்று எடுத்துக்கொண்டால், பாதையோடு சேர்த்து இரண்டு ஏக்கர் போதும். கிளாம்பாக்கம் வளாகம் ஏறத்தாழ 88 ஏக்கர். அந்த அளவுக்கு நிலம் ரயில் சந்திப்பின் அருகில் எந்த ஊரிலும் கிடைக்காது. இரண்டு ஏக்கர் கிடைக்கும்: பழைய கூட்ஸ் ஷெட், கைவிடப்பட்ட ரயில்வே குடியிருப்பு, நகராட்சியின் பழைய சந்தை இப்படி ஏதாவது ஒன்று அநேகமாக எல்லாச் சந்திப்பின் பக்கத்திலும் இருக்கிறது. வண்டிகள் காத்து நிற்கவும் டீசல் போடவும் பணிமனை ஊருக்கு வெளியே இருக்கட்டும்.

இது ஏன் நடப்பதில்லை என்றால், பேருந்து நிலையம் உள்ளாட்சிக்கு ஒரு வருமானம். கடை வாடகை, பேருந்து நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. கடை அதிகம் கட்ட நிலம் அதிகம் வேண்டும். இரண்டு ஏக்கர் சந்திப்பில் கடைக்கு இடம் குறைவு. இந்த வருமான இழப்பை ஈடுகட்ட வழி செய்யாமல் நகராட்சிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சந்திப்பைப் பயன்படுத்தும் பேருந்துகளின் நுழைவுக் கட்டணத்தை அந்த உள்ளாட்சிக்கே விட்டுக்கொடுப்பதும், முனையத்துக்கு மாநில நிதி கேட்கும்போது ரயில் சந்திப்பின் பே இருந்தால்தான் நிதி என்று விதிப்பதும் உதவும்.

சந்திப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் அளவோடு சொல்லிவிடுகிறோம். ரயில் நடைமேடையின் நடுவிலிருந்து பேருந்து பே வரை 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டியும் குழந்தையுமாக நடப்பவர் நிமிடத்துக்கு 60 மீட்டர்தான் போவார்; 300 மீட்டர் என்றால் ஐந்து நிமிடம். வழியில் வண்டிகள் ஓடும் சாலையைத் தரைமட்டத்தில் கடக்கும்படி இருக்கக் கூடாது. சாய்தளம் இருந்தால் 12-க்கு 1 என்ற சரிவுக்கு மேல் கூடாது. மின்தூக்கி பழுதானால் மாற்று வழி சாய்தளமாக இருக்க வேண்டும், படிக்கட்டாக அல்ல. கூரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் இருபது மீட்டர் விட்டுப்போனாலும் ஐப்பசி மழையில் மக்கள் அந்தப் பாலத்தை விட்டுவிட்டு ஆட்டோவைத் தேடுவார்கள். கழிப்பறை, குடிநீர், இரவு விளக்கு, தமிழில் பெரிய எழுத்தில் 'பேருந்து இந்த வழி' என்ற பலகை ஆகியவை பணி முடியும் நாளிலேயே இருக்க வேண்டும். அம்ரித் பாரத் திட்டத்தில் இப்போது பல நிலையங்களின் முகப்பு மாறுகிறது. முகப்பை வடிவமைக்கும்போதே காருக்கும் ஆட்டோவுக்கும் இடம் விட்டதுபோல 12 மீட்டர் பேருந்து உள்ளே வந்து திரும்ப இடம் விட வேண்டும். கான்கிரீட் போட்டபின் இதைச் சேர்ப்பது ஏறத்தாழ முடியாத காரியம்.

இடம் சரியானாலும் நேரம் சரியாகாவிட்டால் பயனில்லை. மணிக்கு ஒரு பேருந்து ஓடும் தடத்தில், ரயில் நேரத்துக்கும் பேருந்து நேரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் சராசரிக் காத்திருப்பு 30 நிமிடம். இரண்டு இடத்தில் மாற வேண்டியிருந்தால் ஒரு மணி நேரம். இருபத்தைந்து கிலோமீட்டர் பயணத்துக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு என்றால், வசதி இருப்பவர் பைக் வாங்குகிறார். இல்லாதவர் பயணத்தையே தவிர்க்கிறார்.

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டு நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. சுவிட்சர்லாந்து 1982-இல் நாடு முழுவதும் மணிக்கு ஒருமுறை ரயில் ஓடும் ஒரே சீரான அட்டவணையைக் கொண்டுவந்தது. 1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் வாங்கி, 2004 டிசம்பரில் அதை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. முக்கியச் சந்திப்புகளில் எல்லா ரயிலும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் கிளம்பும்; தபால் துறை நடத்தும் பேருந்துகள் அதற்கேற்ப நிற்கும். பெர்ன் - சூரிக் இடையே புதிய பாதை போட்டதன் முக்கிய நோக்கம் பயண நேரத்தை ஒரு மணிக்குள் அடக்குவது. அப்போதுதான் இரண்டு முனையிலும் சந்திப்பு பொருந்தும். முதலில் அட்டவணையை வரைந்தார்கள், அதற்கு எங்கே பாதை வேண்டுமோ அங்கே மட்டும் கட்டினார்கள். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கட்டுகிறோம், பிறகு அட்டவணை எங்காவது பொருந்துமா என்று தேடுகிறோம்.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். மதுரை, திருச்சி, கரூர், பழநி என்று நாலு பக்கமும் ரயில் பாதை பிரியும் சந்திப்பு. நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், கொடைக்கானல் என்று பேருந்துத் தடங்களும் உண்டு. காலை 8 மணியைச் சந்திப்பு நேரமாக வைத்தால், கிராமத் தடப் பேருந்துகள் 7.45-க்குள் வந்துவிட வேண்டும். நடந்து, சீட்டெடுத்து, நடைமேடைக்குப் போக 10 நிமிடம். ரயில்கள் 7.55-இலிருந்து 8.05 வரை வந்து போகும். பேருந்துகள் 8.15-க்குக் கிளம்பும். ஒரு வண்டி அரை மணி நேரம் பேயில் நிற்பதால்தான் இந்தத் தடங்களுக்குத் தனி பே வேண்டும் என்று மேலே சொன்னோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று ஓடும் மதுரைத் தடம் போன்றவற்றுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. அவை தம்பாட்டுக்கு ஓடட்டும். மணிக்கு ஒன்றும் அதைவிடக் குறைவாகவும் ஓடும் தடங்களை மட்டும் ரயிலோடு கட்டினால் போதும். இதனால் வேலை பெரிதும் குறைகிறது.

ஒற்றை ரயில் பாதை இதற்குத் தடை என்று பலர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஒற்றைப் பாதையில் மணிக்கு ஒரு ரயில் இரு திசையிலும் ஒரே சீராக ஓடினால், எதிரெதிர் வண்டிகள் அரை மணிக்கு ஒருமுறை ஒன்றையொன்று கடந்தே தீர வேண்டும். கடக்கும் நிலையத்தில் இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. பேருந்துச் சந்திப்புக்கு அதைவிடப் பொருத்தமான கணம் கிடையாது. தஞ்சாவூர் - விழுப்புரம் பாதையில் கும்பகோணமோ மயிலாடுதுறையோ அந்தக் கடப்புப் புள்ளியில் விழும்படி அட்டவணையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது ஒரு மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. பாதையைப் போட்டுவிட்டு இயக்கத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதைத் திருவாரூர் - காரைக்குடி காட்டியது. அகலப்பாதையாக மாற்றி 2019-இல் வண்டி விட்டபோது லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. வண்டியிலேயே ஆள் போய் இறங்கிக் கேட்டை மூடித் திறக்க வேண்டியிருந்தது. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. எந்தப் பேருந்தோடும் அந்த வண்டியைப் பொருத்த முடியாது.

ரயில் தாமதமானால் பேருந்து நிற்க வேண்டுமா? இதற்கு எழுதப்பட்ட விதி இல்லாததால் இன்று ஒவ்வொரு டைம் கீப்பரும் தன் போக்கில் முடிவெடுக்கிறார். நடத்துநர் காத்திருக்க விரும்பினாலும் பின்னால் வரும் தனியார் வண்டியின் நேரம் நெருக்குகிறது. நாங்கள் முன்வைக்கும் விதி: பகலில் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம், அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் பத்து நிமிடம், கடைசிப் பேருந்து என்றால் ரயில் வரும் வரை, அதிகபட்சம் 30 நிமிடம். முடிவெடுப்பவர் டைம் கீப்பர். அவருக்கு முன்னால் அந்தச் சந்திப்பின் ரயில் ஓட்ட நிலவரம் காட்டும் ஒரு திரை இருக்க வேண்டும். ரயில்வேயின் விசாரணை அமைப்பில் இந்தத் தகவல் ஏற்கெனவே இருக்கிறது. இதனால் தாமதமாகும் பேருந்தின் ஓட்டுநர் மீது கிளை அலுவலகம் விளக்கம் கேட்கக் கூடாது. அந்தத் தாமதம் தனிக் குறியீட்டில் பதிவாக வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்ற விதி எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும், ஏனென்றால் யாரும் மெமோ வாங்கிக்கொண்டு பயணிக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

அட்டவணை மாறும் நாளும் ஒன்றாக வேண்டும். ரயில்வே தன் அட்டவணையை முன்பெல்லாம் ஜூலை 1-இல் மாற்றியது, 2025-இல் ஜனவரி 1-இல் மாற்றியது. பேருந்து நேரம் எந்த வாரத்திலும் மாறலாம். ஆண்டுக்கு இரண்டே நாள், அதற்கு 90 நாள் முன்பு வரைவு பரிமாற்றம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் ரயில் நிலையங்கள் சென்னை, சேலம், திருச்சி, மதுரைக் கோட்டங்களில் மட்டும் இல்லை. பொள்ளாச்சி பாலக்காட்டுக் கோட்டம். நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டம். ஓசூரும் தருமபுரியும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். மாவட்ட ஆட்சியரின் கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்பதே ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் இரண்டு பொது மேலாளர்களுக்கும் இதை எழுதியிருக்கிறோம்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை சென்னை முன்னே போய்விட்டது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சீட்டு கிடைக்கிறது. சிங்காரச் சென்னை அட்டையை மாநகரப் பேருந்தில் 2025 ஜனவரியிலிருந்து தட்டலாம். மாநிலம் முழுவதற்கும் இதை அப்படியே விரிக்கும் முன் எளிதான ஒன்றைச் செய்யலாம். ரயில்வே 150 கிலோமீட்டர் வரை மாதாந்திர சீசன் சீட்டு தருகிறது. போக்குவரத்துக் கழகங்கள் மாத பாஸ் தருகின்றன. இரண்டையும் ஒரே அட்டையில் ஒரே கவுன்ட்டரில் விற்றால் போதும். இரண்டு தொகையும் முன்பே நிர்ணயமானவை என்பதால் வருமானப் பங்கீட்டுத் தகராறு வராது. தினமும் போய்வருவோரில் பெரும்பகுதியினருக்கு இதிலேயே பயன் கிடைத்துவிடும்.

ஒற்றைப் பயணத்துக்கு வரும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாக விழுகிறது. மாறுகிறவர் நேரே போகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார். ரயிலிலிருந்து இறங்கி 60 நிமிடத்துக்குள் ஏறும் டவுன் பஸ்ஸில் முதல் ஸ்டேஜ் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது இதைச் சரிக்கட்டும். அடுத்து, 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நிலையம் ஊருக்கு வெளியே போனால் அவர்களுக்குக் கிடைத்த அந்தச் சலுகை வெளியூர்ப் பேருந்தின் கட்டணத்தில் கரைந்துபோகக் கூடாது. சந்திப்பிலிருந்து முனையத்துக்கு ஓடும் இணைப்புப் பேருந்து எப்போதும் சாதாரணக் கட்டண வகையிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, மலைப்பாதையிலும் உள்கிராமத்திலும் சிக்னல் கிடைக்காது. யுபிஐ நம்பி ஏறியவர் நடத்துநரோடு வாதாடுவார், வண்டி நிற்கும், சந்திப்பு தவறும். தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டையில் இணையமில்லாமலே கழித்துக்கொள்ளும் பணப்பை ரூ.2,000 வரை உண்டு. கழகங்கள் வாங்கும் எல்லாப் பயணச்சீட்டுக் கருவியும் அதை ஏற்க வேண்டும். காசு கொடுப்பவருக்கு எப்போதும் போலச் சீட்டு கிடைக்க வேண்டும்.

தகவல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் இதுவே அடித்தளம். மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு எண் வேண்டும். 'புதிய பேருந்து நிலையம்' எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரே நிறுத்தத்தைக் கழகம் ஒரு பெயரிலும் தனியார் இன்னொரு பெயரிலும் மக்கள் மூன்றாவது பெயரிலும் சொல்கிறார்கள். சாலையின் இரு பக்கமும் இரண்டு வெவ்வேறு நிறுத்தங்கள் என்பதைப் பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. எண், தமிழ்ப் பெயர், அட்சரேகை தீர்க்கரேகை, எந்தப் பக்கம், அருகிலுள்ள ரயில் நிலையம், நடைத் தொலைவு என்ற ஆறு தகவல் போதும். அதன் மேல் தடம், நடை, நேரம், ஓடும் நாள் ஆகியவற்றை ஜிடிஎஃப்எஸ் (GTFS, பயணச் செயலிகள் படிக்கும் பொதுவான அட்டவணைக் கோப்பு) வடிவில் வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் பயணத் திட்டம் போடும் செயலி செய்யலாம். தவறு நேர்வது பெரும்பாலும் ஓரிடத்தில்: கழகத்தின் கோப்பில் இருப்பது பணியாளர் டூட்டிப் பட்டியல், பயணி பார்க்கும் அட்டவணை அல்ல. ஞாயிற்றுக்கிழமையும் ஆள் குறைவான நாளும் 'கட்' ஆகும் நடைகள் அதில் தெரியாது. வராத பேருந்தைச் செயலி காட்டினால் இரண்டாம் முறை அதை யாரும் திறக்க மாட்டார்கள். 'கட்' ஆன நடையை முதல்நாள் மாலை 6 மணிக்குள் பதிவு செய்வது கிளை மேலாளரின் கடமை என்று ஆக்க வேண்டும். தனியார் பேருந்தின் பர்மிட் நேரங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. அவையும் இதில் சேர வேண்டும்.

புதிய மினி பஸ் திட்டம் 25 கிலோமீட்டர் வரை தடம் அனுமதிக்கிறது. அதில் 65 விழுக்காடு பேருந்தே போகாத பகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. அந்தத் தடத்தின் ஒரு முனை சந்திப்பிலோ, சந்திப்புக்குப் போகும் டவுன் பஸ் நிற்கும் இடத்திலோ முடிய வேண்டும் என்பதையும், எந்த ரயிலுக்கு அது பொருந்துகிறது என்பதையும் பர்மிட்டிலேயே எழுதிவிடுங்கள்.

'இதற்குச் சட்டம் வேண்டுமே' என்ற கேள்வி வரும். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் சட்டம் 2010-இல் நிறைவேறியது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். மாநிலம் இன்னொரு பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க முடியாது, காத்திருக்கத் தேவையும் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, சாலையையும் ரயிலையும் ஒருங்கிணைப்பதைக் கருத்தில் கொண்டு மாநில, வட்டாரப் போக்குவரத்து ஆணையங்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. 2019 திருத்தம் அதே பிரிவில், கடைசி மைல் இணைப்புக்காகவும் வெவ்வேறு போக்குவரத்து வகைகளை இணைப்பதற்காகவும் பர்மிட்டுகளை மாற்றவும் திட்டங்கள் வகுக்கவும் வெளிப்படையாகவே வழி செய்தது. பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதை உள்ளாட்சியோடு கலந்து தீர்மானிக்க 117-ஆம் பிரிவு இருக்கிறது. ஆகவே ஓர் அரசாணையில் தொடங்கலாம். எந்தப் புதிய பேருந்து முனையத்துக்கும், ரயில் சந்திப்போடு அதன் இணைப்பை வரைபடத்திலும் நிமிடக் கணக்கிலும் காட்டிய பிறகே நிர்வாக ஒப்புதல் என்று அந்த அரசாணையில் இருக்க வேண்டும்.

இப்போது இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. சென்னை - திண்டிவனம் - விழுப்புரம், சென்னை - காஞ்சிபுரம் - வேலூர், கோவை - திருப்பூர் - ஈரோடு - சேலம் என்று மூன்று வேக ரயில் தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு செய்வதாக 2025 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கோவை - சேலம் தடம் மட்டும் 185 கிலோமீட்டர். புதிய நிலையங்கள் எங்கே அமையும் என்பது இந்த ஆய்வுகளில்தான் முடிவாகும். நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் நிலையம் வைத்தால், இருபது நிமிடம் மிச்சப்படுத்திய வண்டியிலிருந்து இறங்கி நாற்பது நிமிடம் ஆட்டோ தேட வேண்டிவரும். கோவை, மதுரை மெட்ரோ அறிக்கைகள் 2025 நவம்பரில் ஒன்றிய அரசிடமிருந்து திரும்பி வந்திருக்கின்றன. அது பற்றிய வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். கோவைச் சந்திப்பின் வாசலில் பன்னிரண்டு பே அமைக்க மெட்ரோ ஒப்புதல் தேவையில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலையும் இந்தத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கிறோம். வானிலை மாறினால் பயணம் ரத்தாகும் சேவை அது; ரத்தான செய்தி ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் தெரிந்தால்தான் இலங்கையிலிருந்து உறவினர் வருவார் என்று வெளியூரிலிருந்து கிளம்புகிறவர் வீணாக அலைய மாட்டார். சரக்குப் போக்குவரத்தை இங்கே தொடவில்லை. அதன் கணக்கே வேறு.

முதல் ஆறு மாதத்துக்குப் பத்து ஊர்கள் போதும்: விழுப்புரம், மயிலாடுதுறை, திருச்சி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, ஈரோடு, சேலம், கோவை, காட்பாடி. ஒவ்வோர் ஊரிலும் கோட்ட ரயில்வேயிலிருந்து ஒரு போக்குவரத்து ஆய்வாளர், கழகத்தின் கிளை மேலாளர், தனியார் பேருந்து உரிமையாளர் சங்கத்திலிருந்து ஒருவர், நகராட்சிப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், சக்கர நாற்காலியில் பயணிக்கும் ஒருவர் என்று ஆறு பேர் கொண்ட குழு. முதல் மாதம் நடைத் தொலைவையும் காத்திருப்பு நேரத்தையும் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் அளக்கட்டும். இரண்டாம் மாதத்தில் மணிக்கு ஒன்றோ அதைவிடக் குறைவாகவோ ஓடும் தடங்களைப் பட்டியலிடட்டும். மூன்றாம் மாதத்தில் சந்திப்பு நேரத்தை வரைந்து, தனியார் பர்மிட் நேரங்களோடு மோதும் இடங்களைத் தீர்க்கட்டும். நான்காம் மாதம் பெயின்டும் பலகையும் தற்காலிகக் கூரையும் கொண்டு பேயைப் பிரித்து ஓட்டிப் பார்க்கட்டும். கான்கிரீட் அதற்குப் பிறகு. அளந்த எண்களை ஊர்வாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்: சராசரிக் காத்திருப்பு எத்தனை நிமிடம், தவறிய சந்திப்பு எத்தனை, கடைசி ரயிலில் இறங்கியவருக்குப் பேருந்து கிடைத்ததா.

முதல் கூட்டத்துக்கு வரும்போது ரயில்வே அதிகாரிகள் அந்தச் சந்திப்பின் கடந்த மூன்று மாத உண்மையான வருகை நேரப் பதிவைக் கொண்டுவர வேண்டும்; அச்சிட்ட அட்டவணை உதவாது. கழகத்தார் 'கட்' ஆன நடைகளின் பதிவேட்டோடு வர வேண்டும். நகராட்சியினர் சந்திப்பைச் சுற்றி 300 மீட்டருக்குள் இருக்கும் அரசு, ரயில்வே நிலங்களின் சர்வே எண்களோடு வர வேண்டும். அந்த மூன்று கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்துவிட்டால் வரைபடம் போட நாங்கள் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பேருந்து, ரயில் கால அட்டவணைப் பணியிலும் முனைய வடிவமைப்பிலும் ஈடுபட்டிருப்போர்